ஆறாம் வளைவு நத்தைகள்

ஜனவரி 12

தங்கைக்கு,

நாம் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. போன் பண்ணலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். கடைசியாகப் பேசியபோது நீ சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை. உனக்கும் மறந்திருக்காது. கடிதம் என்றால் இரண்டு பேருக்கும் யோசித்துப் பேச நேரம் கிடைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். கடல் நத்தை ஆராய்ச்சிக்கு என் ஆய்வகத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நீ இருக்கிற பக்கம் கரை உள்வாங்கி வளைகிற ஏழு இடங்களிலிருந்தும் நத்தை வேண்டும். வளைவுக்கு நாற்பது. மற்ற நத்தைகளின் குஞ்சுகள் வாரக்கணக்கில் தண்ணீரில் மிதந்து எங்கெங்கோ போய்ச் சேரும். அதனால் கரை முழுக்க ஒரே கலப்பாக இருக்கும். இந்த நத்தை அப்படியில்லை. பாறைக்கு அடியில் முட்டைப்பையை ஒட்டுகிறது. குஞ்சு பையைக் கிழித்துக்கொண்டு நடந்தே வெளியே வருகிறது. நடக்கிற தூரம்தான் அதன் உலகம். இரண்டு வளைவுகளுக்கு நடுவில் கிடக்கும் மணலை அதனால் தாண்ட முடியாது. அப்படியானால் ஒவ்வொரு வளைவிலும் இருப்பது தனி வம்சமா? மரபணுவில் எவ்வளவு வித்தியாசம்? எந்த வளைவு நத்தை தனக்குள்ளேயே கூடிக் கூடி நலிந்துபோயிருக்கிறது? இதுதான் கேள்வி.

காலடித் தசையில் நகக்கண் அளவுக்கு வெட்டி ஸ்பிரிட் குழாயில் போடு. ஓடு வேண்டாம், பார்சல் கனக்கும். வளைவு எண்ணைப் பென்சிலால் எழுது. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். உனக்குத் தெரியாததில்லை.

கடலோர நிலையத்தின் மாடி அறையை உனக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வேலையில்லாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இதை உதவி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கரையை உன் அளவுக்குத் தெரிந்த ஆள் வேறு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா


ஜனவரி 27

அக்கா,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். "இதுதான் கேள்வி"ன்னு முடிச்சிருக்கியே, அந்தப் பத்தியை மட்டும் நாலாவது தடவை.

அது என் கேள்வி அக்கா. "நடக்கிற தூரம்தான் அதன் உலகம்" என் வாக்கியம். நீல அட்டை போட்ட நோட்டுல எழுதி வச்சிருந்தேன். வயித்துல இருந்த புள்ள போய் நான் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, "தொலைஞ்சிடப் போகுது, நான் பத்திரமா வச்சிருக்கேன்"ன்னு நீதான் அந்த நோட்டை எடுத்துட்டுப் போனே. ரொம்பப் பத்திரமாத்தான் வச்சிருந்தே. மறு வருஷம் உன் கட்டுரையா அச்சுல வந்துச்சு. கடைசிப் பக்கத்துல நன்றின்னு ஒரு பட்டியல், அதுல கண்ணாடித் தொட்டி கழுவுறவருக்கு அடுத்தது நான்.

வேலைக்கு வர்றேன். ரோஷப்பட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தா எனக்குச் சோறு வராது. அதோட, அந்தக் கேள்விக்குப் பதில் என்னன்னு உன்னைவிட எனக்குத்தான் தெரிஞ்சாகணும்.

மாடி அறைக்கு வந்து சேர்ந்துட்டேன். ஜன்னல் கம்பி உப்புக்காத்துல பொரிஞ்சு போயிருக்கு. தொட்டா கையோட வருது. கீழே ஷெட்டுல பொம்பளைங்க நத்தையை வேகவச்சு ஓட்டுலேருந்து கறியைக் குத்தி எடுக்கறாங்க. நாள் முழுக்க டக் டக்னு சத்தம். நாப்பது வீடு இருக்கும். எல்லாருக்கும் பொழப்பு எதிர்ல இருக்கற ஆறாம் வளைவுலதான்.

முங்கறதுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கார். ஊர்ல அவருக்கு மூச்சுக்காரர்னு பேரு. ஒரு தடவை முங்கினா கரையில நிக்கறவங்களுக்கு மூச்சு முட்டும், அவர் சிரிச்சுக்கிட்டே மேல வருவார். அவர் பொண்டாட்டி அந்த ஷெட்டுலதான் வேலை பாக்கறா. ஏழாம் வளைவு மட்டும் தொலைவு, முனையைச் சுத்திக்கிட்டுப் போகணும், நீரோட்டம் மோசம்ங்கறார். அங்க யாரும் தொழிலுக்குப் போறதில்லையாம். உனக்காகப் போறேன்னார். உனக்காகன்னா எனக்காக. உன்னை அவருக்குத் தெரியாது.

தங்கச்சி


மார்ச் 2

தங்கைக்கு,

ஒன்று முதல் ஐந்து வரை வந்து சேர்ந்தன. மூன்றாம் வளைவில் நாற்பதுக்குப் பதில் முப்பத்தெட்டுதான் இருக்கிறது. நான்கில் இரண்டு குழாய்களுக்கு மூடி இறுகவில்லை, ஸ்பிரிட் பாதி ஆவியாகிவிட்டது. ஆறும் ஏழும் எங்கே? மே மாதக் கூட்டத்துக்கு முன்னால் எனக்கு முடிவு தெரிய வேண்டும்.

நோட்டைப் பற்றி எழுதியிருந்தாய். சரி, பேசிவிடலாம். அதில் இருந்தது இருபது பக்கம். ஒரு கேள்வி, கொஞ்சம் படங்கள். அதற்குப் பிறகு நான்கு வருஷ உழைப்பு என்னுடையது. சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் நீதான் கெட்டிக்காரி. உன் கெட்டிக்காரத்தனத்துக்குப் பின்னால் நின்று மிச்சத்தைக் கூட்டிப் பெருக்குவதுதான் என் வேலை. அந்தப் பதினோரு நாளும் உன் படுக்கைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்? உன் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

தொடங்கினதைக் கடைசி வரை கொண்டுபோவது உனக்கு எப்போதும் வந்ததில்லை. ஆராய்ச்சி ஆனாலும் சரி, வேறு எது ஆனாலும் சரி. நீ கீழே போட்டதை நான் எடுத்தேன். போட்டவள் எடுத்தவளைத் திருடி என்று சொல்ல முடியாது.

ஆறும் ஏழும் இந்த மாதத்துக்குள் வரவேண்டும்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

நீ சொன்னது சரிதான். யோசிச்சுப் பாத்தேன். இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்.

ஆறும் ஏழும் இதோட வருது. எண்பது குழாய், எல்லாத்துக்கும் மூடி நான் ரெண்டு தடவை திருகிப் பாத்தேன். ஏழாம் வளைவுல நாப்பது நத்தை எடுக்க மூச்சுக்காரருக்கு நாலு நாள் ஆச்சு. "தங்கச்சி, இங்க இருக்கறதே கொஞ்சம். எல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்க மாதிரி ஒண்ணுபோல இருக்கு. இதோட விட்டுரலாம்"ன்னார். விட்டுட்டோம்.

உன் கட்டுரை வரட்டும். சீக்கிரம் வரட்டும். ஆசையாக் காத்திருக்கேன்.

தங்கச்சி


ஜூன் 9

தங்கைக்கு,

முடிவு வந்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை பக்கத்துப் பக்கத்து வளைவுகளுக்குள் சிறிய வித்தியாசம்தான். எதிர்பார்த்தபடி படிப்படியாக மாறுகிறது. ஏழாம் வளைவு ஐந்தோடு நெருக்கமாக ஒட்டுகிறது. ஆனால் ஆறாம் வளைவு! அது ஒன்றுமட்டும் மற்ற எதனோடும் சேரவில்லை. வேறெங்கும் இல்லாத மரபணுக் குறிகள் அதில் இருக்கின்றன. தனி வம்சம். பல்லாயிரம் வருஷமாகத் தனியாக இருந்திருக்க வேண்டும். அதோடு அந்த நாற்பதும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன, உள்ளுக்குள் வித்தியாசமே இல்லை. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும். பக்கத்திலிருந்து எதுவும் நடந்து வந்து அந்த இடத்தை நிரப்பப் போவதில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். கட்டுரையை உடனே ஏற்றுக்கொண்டார்கள். கடல்வளக் குழு என்னையே அறிக்கை எழுதச் சொன்னது. ஜூலை ஒன்றாம் தேதி முதல் ஆறாம் வளைவில் நத்தை எடுக்கத் தடை. காவல் படகும் போடுகிறார்கள். நிலையத்தின் இயக்குநர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது.

உன் பெயரை இம்முறை சேகரித்தவர் என்று தனியாகப் போட்டிருக்கிறேன். இனி குறை சொல்ல மாட்டாய் என்று நினைக்கிறேன்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

தடை வேண்டாம். தயவுசெஞ்சு நிறுத்து. இங்க நாப்பது வீட்டுக்கும் வேற தொழில் தெரியாது. நேத்து நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க. ஷெட்டுல குத்தறதை நிறுத்திட்டாங்க. வழக்கமா அந்தச் சத்தத்துல எனக்குத் தலைவலி வரும், நேத்து அது இல்லாம வந்துச்சு. மூச்சுக்காரர் நோட்டீஸை முழுசாப் படிச்சுட்டு என்கிட்ட வந்து, "நம்ம நத்தையில அப்படி என்ன விசேஷம் தங்கச்சி?"ன்னு கேட்டார். பெருமையாக் கேட்டார் அக்கா. தன் வீட்டுப் புள்ள பரிட்சையில முதல்ல வந்த மாதிரி.

இன்னொரு தடவை நத்தை எடுத்துப் பரிசோதிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணச் சொல்லு. ஒரு தடவைல எப்படி இவ்வளவு பெரிய முடிவு எடுக்கறது?

இதை இங்கயே நிறுத்தி அனுப்பிடலாம்னு கவர்ல போட்டேன். ஒட்டல.

ஜூன் 22, காலைல

நான் மாத்திட்டேன்.

ஆறையும் ஏழையும் மாத்திட்டேன். பென்சில்ல எழுதச் சொன்னே, பென்சிலை அழிக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எண்பது குழாய்க்கும் முக்கால் மணி நேரம். "வேறு எது ஆனாலும் சரி"ன்னு எழுதியிருந்தியே, அந்தக் கடிதம் வந்த வாரம். நீ என்ன அர்த்தத்துல எழுதினேன்னு எனக்குத் தெரியும். நான் என்ன பண்ணினேன்னு இப்ப உனக்கும் தெரியும்.

நீ கட்டுரை போடணும், பெரிய சபையில ஏறிப் பேசணும், அங்க நான் எழுந்து நின்னு, இவ கையில இருக்கறது தப்பான குழாய்னு சொல்லணும். அவ்வளவுதான் என் திட்டம். தடை, காவல் படகு, இதெல்லாம் வரும்னு கனவுலகூட நினைக்கல.

நீ ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாலே பிடிச்சிருப்பே. நடுவுல இருக்கற ஆறைத் தாண்டி ஏழு எப்படி அஞ்சோட ஒட்டும்? நத்தை என்ன பஸ்ல போச்சா?

தனி வம்சம் ஏழாம் வளைவுலதான் இருக்கு. ஆறுல இருக்கறது சாதாரண நத்தை. தடையை எடு. எல்லாப் பழியையும் என் தலையில போடு. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.

தங்கச்சி


ஜூலை 8

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம்பவில்லை.

நான் மேலே போகும்போதெல்லாம் காலைப் பிடித்து இழுப்பது உனக்குப் பழக்கம். எனக்குக் கல்லூரியில் பரிசு கிடைத்த அன்று உனக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டில் எல்லாரும் உன் தலைமாட்டில் இருந்தார்கள். இப்போது இயக்குநர் பதவிக்கு நேர்முகத் தேர்வு பதினைந்து நாளில் இருக்கிறது, உனக்கு மனசாட்சி வந்திருக்கிறது.

நீ சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆறாம் வளைவில் இப்போது யாரும் நத்தை எடுக்கக் கூடாது, நீயும்தான். அனுமதி கொடுக்கும் குழுவில் நான் இருக்கிறேன், கொடுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் நினைத்துப் பார். இதை வெளியே சொன்னால் நீ அந்த ஷெட் வழியாக நடந்து போக முடியுமா? உன்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறாரே ஒருவர், அவர் முகத்தைப் பார்க்க முடியுமா?

அக்கா


ஜூலை 30

அக்கா,

எல்லாரும் ஏழாம் வளைவுக்குப் போறாங்க. வேற எங்க போவாங்க? ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் அந்தந்த ஊர்க்காரங்க விட மாட்டாங்க. ஏழு யாருக்கும் சொந்தமில்ல, யாரும் தடையும் போடல. முனையைச் சுத்தி இருபது படகு போகுது. அங்க இருக்கறது கொஞ்சம்னு நான்தான் உனக்கு எழுதினேனே. முட்டைப்பை ஒட்டியிருக்கற பாறையையே புரட்டிப் போடறாங்க. முதல் வாரம் கூடை நிறைய வந்துச்சு. இந்த வாரம் ஒருத்தர் ஏழு நத்தை கொண்டுவந்தார்.

மூச்சுக்காரர் மட்டும் பத்து நாள் போகாம இருந்தார். "அதை விட்டுரலாம்னு நான்தானே சொன்னேன்"னார். அப்புறம் அவரும் போனார். வீட்டுல இருந்து எவ்வளவு நாளைக்கு வானத்தைப் பாக்கறது?

காவல் படகு அந்தப் பக்கம் திரும்பினப்போ நானே இறங்கி ஆறுல பன்னெண்டு நத்தை எடுத்தேன். இந்த பாட்டில்ல இருக்கு. இம்முறை ஓட்டோட. பரிசோதிச்சுப் பாரு. ஒரு நாள் வேலை. உன் கால்ல விழுந்து கேக்கறேன்னு வச்சுக்க. போன்லயும் கூப்பிட்டேன், உன் உதவியாளர் எடுத்து மேடம் மீட்டிங்ல இருக்காங்கன்னார். ஒன்பது தடவை.

தங்கச்சி


செப்டம்பர் 2

அக்கா,

மூச்சுக்காரர் செத்துட்டார்.

ஆகஸ்ட் 27. ஏழாம் வளைவுல. மேல நத்தை இல்லன்னு ஆழத்துக்குப் போயிருக்கார். நீரோட்டம் பாறை இடுக்குல தள்ளிடுச்சு. கூடப் போனவங்க, இவர் எப்பவும் லேட்டாத்தானே வருவார்னு பீடி பத்த வச்சுக்கிட்டுப் படகுல உட்கார்ந்திருந்தாங்களாம். அதான் என்னால தாங்க முடியல. அவ்வளவு நேரம் யாரும் பயப்படவே இல்ல.

மறுநாள் மத்தியானம்தான் எடுத்தாங்க. இடுப்புல கட்டியிருந்த பையில மூணு நத்தை இருந்துச்சு.

அவர் பொண்டாட்டி என் மடியில தலையை வச்சுக்கிட்டு அழறா. "நீங்க மட்டும்தான் அவருக்கு மரியாதை குடுத்தீங்க"ங்கறா. நான் அவ முதுகைத் தடவிக் குடுக்கறேன். இந்தக் கை என்ன பண்ணிச்சுன்னு அவளுக்குத் தெரியாது.

ஏதாவது எழுது.

தங்கச்சி


செப்டம்பர் 10

தங்கைக்கு,

வருத்தம்தான். கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு இது நடக்கக்கூடியது. நிலையத்தின் சார்பில் இரங்கல் கடிதம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நான் இப்போது இயக்குநர்.

ஏதாவது எழுது என்கிறாய். என்ன எழுத வேண்டும்? உன்மேல் தப்பில்லை என்று எழுத வேண்டுமா? நீ சொன்னது பொய்யாக இருந்தால் உனக்குக் கவலைப்பட எதுவும் இல்லை. உண்மையாக இருந்தால் அவரை ஏழாம் வளைவுக்கு அனுப்பினது உன் அழிரப்பர்தான். எது என்று உனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் நீயே போய்ச் சொல். உன் மடியில்தானே இருக்கிறாள்.

சொல்ல மாட்டாய். கடைசி வரை கொண்டுபோவது உனக்கு வராது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அக்கா


அக்டோபர் 4

அக்கா,

சொல்லிட்டேன்.

ஷெட்டுல எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. குத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் போய் நடுவுல நின்னு, மார்ச்லேருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். குழாய், பென்சில், நீ, நான், நோட்டு, ஒண்ணு விடல. மூச்சுக்காரர் பொண்டாட்டி கேட்டுக்கிட்டே இருந்தா. முடிச்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"அப்ப இங்க இருக்கறது சாதாரண நத்தைதானா?"

"ஆமா."

"எடுத்தா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது."

அவ எழுந்தா. அடிப்பாள்னு நினைச்சேன், அடிக்கட்டும்னு நின்னேன். அது வரைக்கும் என்னை நீங்கன்னு கூப்பிட்டவ. "அக்கா தங்கச்சி சண்டைன்னா ஒருத்தி முடியை ஒருத்தி பிடிச்சு இழுத்திருக்கலாமே. உங்களுக்கு நடுவுல போட்டுக் கிழிக்க என் வீட்டுக்காரன்தான் கிடைச்சானா? போடி"ன்னா. சத்தம் போடல. பக்கத்துல இருக்கறவகிட்ட தண்ணி கேக்கற மாதிரி சொன்னா.

உனக்கு ஜூன்லயே எழுதிட்டேன், உனக்குத் தெரியும்னு சொன்னேன். "அதையும் நீதானே சொல்றே?"ன்னா. உன் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டினேன். நம்பலைன்னு நீ எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டா. "அந்தம்மா நம்பலைன்னுதானே எழுதியிருக்கு. யாரா இருந்தாலும் உன்னை எப்படி நம்பும்?"ன்னா.

ஒரு வெள்ளைத் தாள்ல எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். நாளைக்குக் காலைல ஆறாம் வளைவுல இறங்கி வாளியில உயிரோட நத்தை எடுத்துக்கிட்டு உன் ஆய்வகத்துக்கு வர்றாங்க. காவல் படகு பிடிச்சா பிடிக்கட்டும்னு கிளம்பறாங்க. நானும் வர்றேன்னு சொன்னேன். பஸ்ல இடம் இல்லன்னாங்க. எனக்கு ஒருத்திக்குத்தான் இடம் இல்ல.

அவங்களை வாசல்ல நிக்க வைக்காத அக்கா. உண்மையைச் சொல்லிடு. நீ என்கிட்ட எப்படி வேணும்னாலும் இரு. அவங்ககிட்ட ஒரு தடவை நல்லவளா இரு.

தங்கச்சி


நவம்பர் 20

தங்கைக்கு,

வந்தார்கள். பதினாறு பேர், மூன்று வாளி. காவலாளி தடுத்தார். நானே கீழே இறங்கிப் போய் உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தேன். டீ கொடுத்தேன். நீ எழுதிக்கொடுத்த தாளை அந்த அம்மா என் மேஜைமேல் வைத்தாள். அவர்கள் முன்னாலேயே படித்தேன். முதல் வரிக்குத் திரும்பி இன்னொரு தடவை படித்தேன். அதை எல்லாரும் பார்த்தார்கள். உன் ஜூன் கடிதத்தை நான் நம்பவே இல்லை, கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டேன், என் தங்கை அடிக்கடி இப்படித் தாறுமாறாக எழுதுவாள் என்று சொன்னேன். நம்பினார்கள்.

மூன்று வாரத்தில் பரிசோதனை முடிந்தது. நீ எழுதியிருந்தது சரி. கட்டுரையை நானே திரும்பப் பெற்றேன், தவறு நடந்தது எப்படி என்று குழுவிடம் நானே எழுதிக்கொடுத்தேன். தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற ஒரு துணிச்சல் வேண்டும் என்று குழுத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். டிசம்பர் ஒன்றாம் தேதி ஆறாம் வளைவைத் திறக்கிறார்கள். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

உன்மேல் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். குழந்தை போனதிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்றேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். இனி எந்த ஆய்வகத்திலும் உனக்கு வேலை கிடைக்காது. மாடி அறையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடு. ஷெட் பக்கம் நீ வரக் கூடாது என்று அந்த அம்மா சொல்லச் சொன்னாள்.

ஏழாம் வளைவுக்கு முங்குகிற ஆட்கள் இரண்டு பேரை அனுப்பினேன். மூன்று நாள் தேடினார்கள். ஒரு நத்தைகூட இல்லை. முட்டைப்பையும் இல்லை. ஒரு வம்சமே மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. நீ வெட்டி அனுப்பின நாற்பது துண்டுத் தசைதான் மிச்சம். என் குளிர்பெட்டியில் இருக்கிறது.

இத்தோடு முடித்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடப் போனேன், முடியல.

நீ ஜூன்ல எழுதின கடிதம் கைக்கு வந்த அன்னிக்கே ஆளை அனுப்பி, தடை வர்றதுக்கு முன்னாடி சந்தையில வித்துக்கிட்டிருந்த ஆறாம் வளைவு நத்தையை வாங்கிவரச் சொன்னேன். யாரையும் தொட விடல, நானே உட்கார்ந்து பரிசோதிச்சேன். ஜூலை ஆறாம் தேதி முடிவு தெரிஞ்சுது. நீ சொன்னது அத்தனையும் உண்மை. ரெண்டு நாள் கழிச்சு, நம்பவில்லைன்னு உனக்கு எழுதினேன். ரொம்ப நல்லா யோசிச்சு எழுதின கடிதம் அது.

தேர்வு முடியட்டும், பதவி கைக்கு வரட்டும், அப்புறம் நானே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கலாம்னு நினைச்சேன். பதினஞ்சு நாள்தானேன்னு நினைச்சேன். பதவி ஜூலை 24ல வந்துச்சு. அப்புறம் இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். நீ அனுப்பின பாட்டிலைப் பிரிக்கவே இல்ல. அவர் முங்கினது ஆகஸ்ட் 27. நடுவுல ஒரு மாசத்துக்கு மேல இருந்துச்சு. ஒரே ஒரு போன் போதும்.

இந்தத் தாளை நீ யார்கிட்ட வேணும்னாலும் காட்டலாம். டைப் பண்ணியிருக்கேன், கையெழுத்து இல்ல. உன் கையில இருக்கற காகிதத்தை இனிமே யாரும் நம்பப் போறதில்ல. அதுக்கு வேண்டியதையெல்லாம் செஞ்சுட்டுத்தான் எழுதறேன்.

அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நல்லா இருக்கணும்னு சொன்னதுலேருந்து என்னால தூங்க முடியல. இதை நான் யார்கிட்டயாவது சொல்லணும். சொல்றதுக்கு உன்னை விட்டா எனக்கு வேற யாரும் இல்ல.

பதில் எழுதாதே.